கொழுந்து வாட்டத் தெரிந்த நமக்கு கறிவேப்பிலை வாட்டத் தெரியாதா?

(மாதர் பிரிவின் ஞாயிறு கூட்டமொன்றில் ஒரு லயத்துப் பெண்கள் சேர்ந்து தயாரித்து, அவர்களில் ஒருவர் வாசித்த உரை. பேசிய நடையிலேயே தருகிறோம்.)



இன்றைக்கு எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று தலைவியிடம் சொன்னபோது பக்கத்தில் இருந்த ஒரு அண்ணன் சிரித்துவிட்டார். "சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டிய சங்கத்தில் கறிவேப்பிலையைப் பற்றியா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் இந்தப் பேச்சை யாராவது தொரைமார் கேட்டால், "பார்த்தீர்களா, சிக்கனமாக இருந்தால் இந்தச் சம்பளமே போதும் என்று அவர்களே சொல்கிறார்கள்" என்று நம் மேலேயே திருப்பிவிடுவார்கள். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. 2021இல் ஆயிரம் ரூபாவுக்காக எத்தனை வருடம் நின்றோம் என்பதும், அது கைக்கு வந்த அடுத்த வருடமே மாவும் பருப்பும் எந்த விலைக்குப் போயின என்பதும் இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். இலையைக் காய வைத்து எந்தக் குடும்பமும் கரை சேராது. ஆனால் நம்முடைய உழைப்பில் வாங்கிய ஒரு கட்டு இலை குப்பைக் குழிக்குப் போகிறதென்றால், அதுவும் நம் கூலிதான் போகிறது. கூலியைக் கேட்பது ஒரு வேலை. வாங்கிய கூலி வீணாகப் போகாமல் பார்ப்பது இன்னொரு வேலை. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைச் செய்யச் சொல்லி யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

இது எங்களுக்கு எப்படித் தோன்றியது என்று சொல்கிறோம். எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் டவுனுக்குப் போவோம். சந்தையில் கறிவேப்பிலை, மிஞ்சி, கொத்தமல்லி இலை, ரம்பை எல்லாம் கட்டாகத்தான் தருவார்கள். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு கட்டு ஒரு வாரத்துக்கு மேல். முதல் இரண்டு நாள் கறி மணக்கும். புதன்கிழமை இலை கறுக்கும். வெள்ளிக்கிழமை சொப்பிங் பையைத் திறந்தால் தண்ணீர் விட்டு நாறும். அதை அப்படியே குழியில் போடுவோம். ஒரு நாள் குப்பை கொட்டப் போன இடத்தில் மூன்று பேர் மூன்று பையோடு நின்றோம். மூன்றிலும் ஒரே கறுத்த கறிவேப்பிலை. ஒருத்தி சொன்னாள்: "நாம மூணு பேரும் ஒரே கட்டை வாங்கியிருந்தா போதுமே."

முதல் பாடம் அதுதான். காய வைப்பதற்கு முன்னாலேயே பங்கு போட்டு வாங்குவது. இப்போது எங்கள் லயத்தில் மூன்று வீட்டுக்கு ஒரு கட்டு. அதிலும் மிஞ்சினால்தான் இனிச் சொல்லப் போகும் வேலை.

தோழர்களே, உலகத்திலேயே இலையை வாட்டிக் காய வைத்துப் பாதுகாக்கிற கலை நமக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட நாளிலிருந்து நம் பாட்டன் பாட்டிமார் செய்தது அதுதானே. பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். இஸ்டோரில் அதை வாட்டுத் தொட்டியில் பரப்பி, கீழே இருந்து காற்று விட்டு, இரவெல்லாம் வாட்டுகிறார்கள். பிறகு உருட்டி, புளிக்கவிட்டு, சுடுகிறார்கள். கடைசியில் தூளில் மிஞ்சுகிற ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு மட்டும்தான். நாலரை, ஐந்து கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. அந்தத் தூள் கப்பல் ஏறி, மாதக்கணக்கில் இருந்து, எங்கோ ஒரு ஊரில் கோப்பைக்குள் விழுந்தாலும் மணக்கிறது. அதே இலை கூடையில் அமுங்கிக் கிடந்தால் மறுநாளே சூடேறிச் சிவந்து போகும். கொழுந்தை அமுக்கிக் கட்டினால் கணக்கப்பிள்ளை சத்தம் போடுவது நமக்குப் புதிதா?

கறிவேப்பிலைக்கும் மிஞ்சிக்கும் இதே கணக்குத்தான். இலையில் தண்ணீர் இருக்கும் மட்டும் பூஞ்சணமும் அழுகலும் வரும். தண்ணீரை எடுத்துவிட்டால் வராது. கசக்கினால் கறுக்கும், ஏனென்றால் கசக்கிய இலைக்குள் காற்றுப் பட்டு அது சிவப்பது தேயிலை புளிக்கிற அதே வேலைதான். ஆகவே காய வைக்கிற இலையைக் கசக்கவோ அமுக்கவோ நறுக்கவோ கூடாது. பையில் திணிக்கவும் கூடாது. வாட்டுத் தொட்டியில் பரப்புகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்ப வேண்டும். காற்று கீழேயும் மேலேயும் போக வேண்டும். சுளகு போதும். பழைய கொழுந்துப் படங்கைத் துவைத்துக் காய வைத்து, நாலு மூலையில் கயிறு கட்டித் தொங்கவிட்டாலும் போதும்.

வெயிலில் போடலாமா என்று கேட்பீர்கள். கறிவேப்பிலைக்கும் மிஞ்சிக்கும் நேர் வெயில் ஆகாது. நிறமும் மணமும் வெயிலோடு போய்விடும். நிழலில், காற்றோட்டத்தில், நாலைந்து நாள். நம் ஊரில் இதுதான் கஷ்டம். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கத்தில் ஆனி ஆடி மாதம் மழையும் மூட்டமும். ஊவாப் பக்கத்தில் மார்கழி, தை மழை. அந்த நாட்களில் நிழலில் வைத்தால் காயாது, பூஞ்சணம்தான் பூக்கும். நாங்கள் அப்படித்தான் முதல் தடவை ஏமாந்தோம். ஆடி மாதம் ஒரு பெரிய சுளகு நிறைய மிஞ்சியைப் பரப்பினோம். ஆறாம் நாள் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி. ஒரு அம்மாயி, "தட்டிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்" என்றார். தட்டினால் மேலே தெரிகிற பூஞ்சணம் போகும், இலைக்குள் இறங்கியது போகாது. மொத்தத்தையும் கொட்டிவிட்டோம். மனசு கேட்கவில்லை, ஆனாலும் கொட்டினோம்.

பிறகுதான் அடுப்புக்கு மேலே பார்த்தோம். நம் பாட்டிமார் அடுப்புக்கு மேல் பரண் கட்டி புளி, மிளகாய், விதை எல்லாம் வைத்தது சும்மா இல்லை. சமைத்து முடித்து, தீ அணைந்து, கங்கு மட்டும் இருக்கிற நேரம் பரணில் ஏறுகிற சூடு இலைக்குப் போதும். புகை வரும்போது வைக்காதீர்கள், கறி முழுக்கப் புகை மணக்கும். கரி விழாமல் மேலே ஒரு மெல்லிய துணி. இரவில் சமைத்து முடித்ததும் ஏற்றி, காலையில் அடுப்புப் பற்ற வைக்கும்போது இறக்கிவிடுவது. மழைக் காலத்தில் இப்படி ஐந்தாறு இரவு எடுக்கிறது.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? இலையைக் கையில் நசுக்கினால் நொறுங்க வேண்டும். மடங்கினால் காயவில்லை. காம்பை ஒடித்தால் 'டிக்' என்று ஒடிய வேண்டும். காய்ந்த இலையைப் போத்தலில் போட்டு மூடி, மறுநாள் பாருங்கள். போத்தலின் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. உடனே எடுத்து மறுபடியும் காய வைக்க வேண்டும்.

இனி ஒவ்வொரு இலையாகச் சொல்கிறோம், எல்லா இலைக்கும் ஒரே வைத்தியம் இல்லை.

கறிவேப்பிலைதான் மிச்சமாவதில் முதல் இடம். நுவரெலியாக் குளிரில் கறிவேப்பிலைக் கன்று நட்டால் வளர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதனால் மேல் நாட்டுத் தோட்டங்களில் இருக்கிறவர்கள் கீழே இருந்து வருவதைத்தான் வாங்குகிறோம். வாங்கியதும் கழுவ வேண்டாம். கழுவிய ஈரம்தான் அதைக் கெடுக்கிறது. பழுத்ததையும் கறுத்ததையும் கிள்ளிப் போட்டுவிட்டு, காய்ந்த துணியில் சுற்றி, மூடியுள்ள டின்னில் வைத்தால் நம் குளிரில் ஒரு வாரத்துக்கு மேலே பச்சையாகவே இருக்கும். அதற்கு மேல் மிஞ்சினால் காய வைத்து, வெறும் சட்டியில் இலேசாக வறுத்து, செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, உப்பு சேர்த்து இடித்து வைத்துவிடலாம். விடியக்காலை மலைக்குப் போகும் அவசரத்தில் சம்பல் அரைக்க நேரமில்லாத நாளில் ரொட்டிக்கு இதுதான் துணை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் சோற்றில் கொஞ்சம் நல்லெண்ணெயோடு பிசைந்து கொடுக்கலாம். எங்கள் லயத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

மிஞ்சியைக் காய வைப்பதைவிட நட்டுவிடுவது மேல். இலையைக் கிள்ளிய பிறகு மிஞ்சுகிற தண்டை ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டால் ஒன்றிரண்டு கிழமையில் வேர் விடும். ஒரு தடவை வாங்கிய கட்டு, பிறகு காசு கேட்காது. வல்லாரையும் அப்படித்தான். கொடியில் கணுவுக்குக் கணு வேர் இருக்கும், அதைக் கிள்ளி ஈரமான மண்ணில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். காய வைத்த வல்லாரையில் சம்பல் போட்டால் வைக்கோல் மாதிரி இருக்கும். செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

கொத்தமல்லி இலையைக் காய வைக்கவே வேண்டாம். மணம் முழுக்கப் போய்விடும். வேரோடு வாங்கினால் வேர் மட்டும் நனைய ஒரு குவளைத் தண்ணீரில் நிறுத்தி, இலை மேல் ஒரு பையைத் தளர்வாகக் கவிழ்த்து, தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். ஒரு வாரம் நிற்கும்.

சேரைத் தண்டு நன்றாகக் காயும், காய்ந்தும் மணக்கும். துண்டு போட்டுக் காய வைத்தால் இருமலுக்கு இஞ்சியோடு கொதிக்க வைக்கலாம். ஒரு விஷயம்: மலையில் மண்ணைத் திருத்த நட்டிருக்கிற மானாப் புல்லும் கசக்கினால் ஏறக்குறைய இதே மணம் வரும். அது வேறு புல், கறிக்கு ஆகாது. பிள்ளைகளைச் சேரை பிடுங்கிவா என்று அனுப்பும்போது கவனம். ரம்பையைப் பொறுத்தவரை காய்ந்தால் மணம் பாதிக்கு மேல் போய்விடுகிறது. வறுத்த கறித்தூளோடு சேர்த்து வறுத்து இடித்துவிடுவதுதான் அதற்கு வழி.

துளசி, தூதுவளை, ஆடாதோடை போன்றவற்றை நிழலில் காய வைத்து வைத்திருந்தால் தடிமன் காலத்துக்கு உதவும். ஆனால் நெஞ்சு இழுக்கிற பிள்ளைக்கும், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நிற்பவருக்கும் கஷாயம் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லொறி கிடைக்கவில்லை என்றால் தலைவரை எழுப்புங்கள், எந்த நேரமானாலும்.

உப்பில் போடுவது இன்னொரு வழி. அடுப்பும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். நாலு பங்கு இலைக்கு ஒரு பங்கு உப்பு, எடை பார்த்து. இலையைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, நறுக்கி, கண்ணாடிப் போத்தலில் ஒரு அடுக்கு இலை ஒரு அடுக்கு உப்பு என்று அமுக்கி நிரப்ப வேண்டும். குளிரான இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும். கறியில் போடும்போது வேறு உப்புப் போடக் கூடாது. பிரஷர் இருக்கிறவர்கள் வீட்டில் இந்த வழி வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

பிரிட்ஜ் இருக்கிற வீட்டில் வேலை சுலபம். நறுக்கி, ஐஸ் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு உறைய வைத்து, ஒவ்வொரு கட்டியாகக் கறியில் போடலாம்.

எண்ணெயைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பச்சை இலையையோ பூண்டையோ எண்ணெய்க்குள் மூழ்க வைத்து, வெளியே வாரக்கணக்கில் வைக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டாம். காற்றுப் புகாத எண்ணெய்க்குள், ஈரமுள்ள இலையில், ஒரு கிருமி வளர்ந்து விஷத்தை உண்டாக்கும். பூஞ்சணம் மாதிரிக் கண்ணுக்குத் தெரியாது, நாறாது, சுவையிலும் தெரியாது. நரம்பை முடக்கும், ஆளைக் கொல்லவும் செய்யும். தாளித்த எண்ணெயை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

இப்போது சொல்லப் போவதுதான் நாங்கள் இந்தப் பேச்சுக்கு ஒத்துக்கொண்டதற்கே காரணம்.

நம்மில் பலர் வேலை முடிந்து வரும்போது மலையில் கீரை பறித்துப் படங்கில் முடிந்துகொண்டு வருகிறோம். வல்லாரை, பொன்னாங்காணி, மணத்தக்காளி. 1973, 74 பஞ்சத்தில் அரிசியும் மாவும் இல்லாமல் தோட்டத்தில் ஆட்கள் செத்த காலத்தில், இந்தக் கீரைதான் பல வீட்டில் அடுப்பை எரிய வைத்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பழக்கம் நல்ல பழக்கம். ஆனால் இன்றைய மலை அன்றைய மலை இல்லை. புல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள். கிளைபோசேட்டை 2015இல் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடியும் அனுமதித்தார்கள். அடித்த மறுநாள் கீரை பச்சையாகத்தான் இருக்கும். கருகுவதற்கு நாள் எடுக்கும். அந்த இடைவெளியில் பறித்தால் மருந்தோடுதான் பறிக்கிறோம். கழுவினால் எல்லாம் போகாது. காய வைத்தால் தண்ணீர்தான் போகும், மருந்து இலையிலேயே நிற்கும்.

எந்த நம்பர் மலையில் என்றைக்கு மருந்து அடித்தார்கள் என்று தோட்டம் நமக்குச் சொல்வதில்லை. மருந்து அடிக்கிற அண்ணன்மாருக்குத் தெரியும். அதனால் அவர்களிடம் கேட்கிறோம்: வீட்டுக்கு வந்ததும் லயத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சங்கத்திடம் கேட்கிறோம்: மருந்து அடிக்கும் மலையின் நம்பரையும் திகதியையும் பிரட்டுக் களத்தில் பலகையில் எழுதிப் போட வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். செலவு ஒரு துண்டு சோக்குக் கட்டி.

அதோடு உரச் சாக்கு. வீட்டுக்கு வீடு உரச் சாக்கில்தான் எல்லாவற்றையும் காய வைக்கிறோம். மருந்து வந்த கேனைக் கழுவித் தண்ணீர் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எத்தனை தடவை கழுவினாலும் அதில் சாப்பாட்டுச் சாமான் வைக்க வேண்டாம். ஜாம் போத்தல், பால்மா டின் போதும். இலை வைத்த டின்னை மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். தேயிலைத் தூள் எப்படி அயல் மணத்தை இழுக்குமோ, இதுவும் இழுக்கும்.

சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பெண்களில் இரத்தம் குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று கிளினிக் போகிறவர்களுக்குத் தெரியும். காய்ந்த கீரையில் இரும்புச் சத்து அப்படியே இருக்கும். ஆனால் அதை உடம்பு எடுக்க உதவுகிற உயிர்ச்சத்து சி காயும்போது பெரும்பாலும் போய்விடும். அதனால் மேலே கொஞ்சம் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு சாயம் குடிக்கிற பழக்கத்தையும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். சாயம் அந்த இரும்பை உடம்பில் சேர விடாமல் தடுக்கும். நாமே பறித்த தேயிலையைப் பற்றி இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

இதையெல்லாம் யார் செய்வது? காலையில் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலைக்குப் போய், நிறை போட்டு, விறகு பொறுக்கி வருகிற பெண் இதையும் செய்ய வேண்டுமா? எங்கள் லயத்தில் சண்டையே வந்தது. கடைசியில் இலை கிள்ளுவது ஆண்கள் வேலை என்று முடிவானது. இரவில் ரீவி பார்த்துக்கொண்டே கிள்ளலாம். மழை வந்தால் சுளகை உள்ளே எடுப்பது பென்ஷன் எடுத்து வீட்டில் இருக்கிற இரண்டு தாத்தாமார். அவர்களில் ஒருவர் எங்களை விட நன்றாகக் காய வைக்கிறார். இஸ்டோரில் வாட்டுத் தொட்டியில் வேலை செய்தவர், கை வைத்தாலே ஈரம் சொல்லிவிடுவார்.

இன்னொன்று நிலம். மிஞ்சித் தண்டில் வேர் விட்டாயிற்று, எங்கே நடுவது? பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவும் முன்னால் ஒரு கானும்தான் நமக்கு. லயத்தின் பின்னால் கொஞ்சம் மண்ணைக் கொத்தினால், "தோட்டத்துக் காணி" என்று கணக்கப்பிள்ளை வந்து நிற்கிறார். ஏழு பேர்ச் என்று வருடக்கணக்காகப் பேசுகிறார்கள். அது கைக்கு வரும் வரைக்கும் காத்திருக்காமல், லயத்துக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் கீரைப் பாத்திக்கு இடத்தை எழுத்தில் வாங்கித் தர வேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கிறோம். மருந்துப் பலகை இரண்டாவது தீர்மானம். கை தூக்கும்போது இரண்டுக்கும் தனித்தனியாகத் தூக்குங்கள், ஒன்றுக்குள் ஒன்றை ஒளித்துவிட வேண்டாம்.

மேசையில் மூன்று போத்தல் வைத்திருக்கிறோம். ஒன்று நன்றாகக் காய்ந்த கறிவேப்பிலை, ஒன்று உப்பில் போட்டது, மூன்றாவது வியர்த்துப் போன போத்தல். அதைத் திறக்க வேண்டாம், எப்படி இருக்கும் என்று காட்டத்தான் கொண்டு வந்தோம். வாசலில் வாளிக்குள் வேர் விட்ட மிஞ்சித் தண்டு இருக்கிறது. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கீழ் டிவிசன் ஆட்கள் முதலில் எடுக்கட்டும், அவர்களுக்கு பஸ் நாலரைக்கு.